எடுத்த காலில் வலியா?

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சி, ஸ்கந்தபுரம் என்று நம்மில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. 2009இல் முடிந்த யுத்தத்தில் மிதிவெடிக்கும் ஷெல்லுக்கும் அங்கே கால் இழந்தவர்கள் பலர். இங்கே தோட்டத்திலோ சீனி வருத்தம் முற்றிக் காலை எடுக்க வேண்டி வருகிறது. இரண்டு இடத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்:

"பெருவிரல் எரியுது புள்ள."

"காலே இல்லியேங்க, அப்புறம் எப்பிடி எரியும்?"

அதோடு அவர் வாயை மூடிக்கொள்கிறார். பைத்தியம் என்பார்களோ என்று பயம். சிலர் ராத்திரியில் கசிப்பைத் தேடுகிறார்கள்.

இந்த வலி பொய்யல்ல. 1871லேயே வெயர் மிட்செல் என்ற அமெரிக்க டாக்டர், போரில் கைகால் இழந்த சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதினார். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. காலை எடுத்தாலும் அந்த இடம் அழிவதில்லை. ஆள் போன பிறகும் செக்ரோலில் பேர் இருந்தால் பிரட்டில் கூப்பிடத்தானே செய்வார்கள்? அப்படித்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் வெட்டிய இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பச்சிலை கட்ட வேண்டாம்.

2. செயற்கைக் கால் அழுத்தினாலும் வலிக்கும். கொடுத்த இடத்திலேயே சரிபார்க்கலாம். வடக்கில் உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் உண்டு.

3. கடையில் வாங்கும் வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் போதாது. நரம்பு வலிக்குத் தனி மருந்து உண்டு. அதை டாக்டர்தான் அளவு பார்த்துத் தர வேண்டும். அடுத்த வீட்டு மாத்திரை வேண்டாம். மருந்தோடு சாராயம் ஆபத்து.

4. புண் நன்றாக ஆறிய பிறகு, அந்த இடத்தைக் காலையும் மாலையும் மெதுவாகத் தடவிவிடுங்கள்.

5. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடி வழியைக் கண்டார். இரண்டு காலுக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அந்தக் காலை மெல்ல அசைக்க வேண்டும். தினம் கால் மணி நேரம் போதும். எல்லோருக்கும் பலிக்காது, பலருக்கு வலி குறைகிறது. முதலில் கிளினிக்கில் கேட்டுப் பழகுங்கள்.

எந்த ஒப்பரேசனாக இருந்தாலும், மூன்று மாதம் தாண்டியும் வலி நின்றால் மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் "எரியுது" என்றால் சிரிக்க வேண்டாம். "எந்த எடத்துலங்க? எப்ப இருந்து?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் டாக்டரும் கேட்பார்.