புறக்கடைக் கோழியில் கலப்பினத்தை அறிவது எப்படி?

கிராமத்து வீடுகளின் புறக்கடையில் இன்று மேயும் கோழிகளில் பல கலப்பினக் கோழிகளே. சந்தையில் வாங்கிய சேவல், அரசுத் திட்டத்தில் கிடைத்த குஞ்சுகள், உறவினர் கொடுத்த பெட்டை எனப் பல வழிகளில் பல இனங்களின் இரத்தம் ஒரே கூட்டில் சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒரே கூடையில் வெள்ளை, பாலாடை நிறம், இளம் பழுப்பு, அடர் பழுப்பு என நான்கு வகை முட்டைகளைக் காணலாம். இவற்றில் எதை விற்பது, எதை அடை வைப்பது என்பதில் தவறு நேர்ந்தால், சில ஆண்டுகளில் அடைகாக்கும் கோழியே வீட்டில் இல்லாமல் போய்விடும். ஆகவே கோழியின் கலப்பை ஓரளவேனும் அறிந்துகொள்வது சிறு விவசாயிகளுக்கு அவசியமாகிறது.

ஓட்டின் நிறம் ஏற்படும் விதம்

ஒரு முட்டை முழுமையாக உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகிறது. இதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே செலவாகிறது. ஓடு அடிப்படையில் வெள்ளையானது. பழுப்பு முட்டையிடும் கோழிகளில், முட்டை வெளிவருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் ‘புரோட்டோபார்பைரின்’ என்னும் நிறமி பெருமளவில் ஓட்டின் மேற்புறத்தில் படிகிறது. பழுப்பு முட்டையை உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உட்புறம் வெளிறியிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்நிறமி எவ்வளவு படியவேண்டும் என்பதைப் பெட்டையின் பரம்பரை நிர்ணயிக்கிறது. சேவலை மாற்றினால் முட்டையின் நிறமும் மாறும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். எந்தச் சேவலோடு சேர்ந்தாலும் அதன் ஓட்டு நிறம் அதுவேதான். ஆனால் அந்தச் சேவலுக்குப் பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டையில் தகப்பனின் பங்கு தெரியும். வெள்ளை முட்டை இனமும் பழுப்பு முட்டை இனமும் சேர்ந்தால், பிறக்கும் பெட்டைகள் பெரும்பாலும் இடைப்பட்ட நிறத்தில் முட்டையிடும்.

இனங்களின் அடையாளங்கள்

வெள்ளை லெகார்ன்: பண்ணைகளில் வெள்ளை முட்டைக்காக வளர்க்கப்படுவது. வெண்ணிற இறகு, வெள்ளைக் காது மடல், மஞ்சள் கால், பெட்டையில் ஒரு பக்கம் சாய்ந்த பெரிய ஒற்றைக் கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். இதன் வெண்மை நிறம் ஆதிக்கம் மிக்கது. ஆகவே நாட்டுக் கோழியோடு கலந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாக, ஆங்காங்கே கரும்புள்ளிகளோடு இருக்கும்.

ரோட் ஐலண்ட் ரெட்: அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உருவான இனம். செம்பழுப்பு இறகும் சிவந்த காது மடலும் உடையது. பழுப்பு முட்டையிடும்.

அசில்: சண்டைக் கோழி இனம். நிமிர்ந்த நிலை, நீண்ட கால்கள், உறுதியான கழுத்து, தலையோடு ஒட்டிய சிறு கொண்டை ஆகியவை உண்டு. பெருவிடைக் கோழிகளில் இதன் சாயலைக் காணலாம். முட்டைகள் குறைவு, பாலாடை நிறம் முதல் இளம் பழுப்பு வரை இருக்கும்.

கடக்நாத்: மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கருங்கோழி. தோல், கால், கொண்டை, உள்ளுறுப்புகள் வரை கருமை பரவியிருக்கும். ஆனால் முட்டை கருப்பாக இராது. இளம் பழுப்பாகவே இருக்கும். கரிய ஓட்டைக் காட்டி ‘கருங்கோழி முட்டை’ என்று விற்றால் ஏமாறவேண்டாம்.

வனராஜா, கிராமப்பிரியா: ஐதராபாத்தில் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கப்பட்ட கோழிகள். பல நிற இறகு இருப்பதால் நாட்டுக் கோழி போலவே தோன்றும். ஆனால் உடல் பருமனும் பழுப்பு நிறப் பெரிய முட்டைகளும் வேற்றுமையைக் காட்டிவிடும்.

சிறுவிடை: சிறிய உடல், சுறுசுறுப்பான மேய்ச்சல், 40 கிராம் அளவிலான சிறிய முட்டை. அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் காப்பதிலும் இதற்கு இணை குறைவு.

வெள்ளைக் காது மடல் உள்ள கோழி வெள்ளை முட்டையிடும், சிவந்த மடல் உள்ளது பழுப்பு முட்டையிடும் என்று பொதுவாகக் கூறுவர். தூய இனங்களில் இது பெரும்பாலும் பொருந்தும். கலப்பினக் கோழிகளில் பல நேரம் பொய்த்துவிடும். ஆகவே இறகு, கொண்டை, கால், உடல் எடை, முட்டை, அடைகாக்கும் குணம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

நிறம் சொல்லாதவை

ஓடு பழுப்பாக இருப்பதால் சத்து கூடுவதில்லை. வெள்ளையாக இருப்பதால் குறைவதுமில்லை. மஞ்சள் கரு நன்கு சிவந்திருப்பது தீவனத்தைப் பொறுத்தது. கீரை, பசும்புல், மஞ்சள் மக்காச்சோளம் தின்னும் கோழியில் கருவின் நிறம் கூடும். பழுப்பு முட்டை எல்லாம் நாட்டு முட்டை என்பதும் தவறு. பழுப்பு முட்டைக்கென்றே பண்ணைகளில் வளர்க்கப்படும் கோழிகளும் உண்டு. பல வீடுகளில் சேகரித்த நாட்டு முட்டைகள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டே இருக்கும்.

வழக்கமாகப் பழுப்பு முட்டையிடும் கோழி திடீரென வெளிறிய முட்டையிட்டால் அதைக் கவனிக்கவும். முட்டைப் பருவத்தின் இறுதியில் நிறம் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் பல கோழிகளில் ஒரே சமயத்தில் நிறம் வெளிறி, தோல் முட்டையும் காணப்பட்டால் நோய் அல்லது மிகுந்த அச்சம், வெப்பம் காரணமாக இருக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும்.

எதை அடை வைப்பது?

நாட்டுப் பெட்டை ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகளே இடும். மேம்படுத்திய கோழிகள் இதைவிடக் கூடுதலாக இடும். ஆனால் அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், முட்டைக்கென உருவாக்கும் இனங்களில் அடைகாக்கும் குணத்தை நீக்கியே தேர்வு செய்கிறார்கள். இங்குதான் கவனம் தேவை.

ஒரு வீட்டில் சிறுவிடைப் பெட்டைகள் நான்கும் கலப்பினச் சேவல் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். அச்சேவலுக்குப் பிறந்த பெட்டைகளையே வைத்துக்கொண்டு, மறுபடியும் மேம்படுத்திய சேவலையே விட்டால், சில தலைமுறைகளில் அடையில் உட்காரும் பெட்டை அரிதாகிவிடும். அதன் பின் குஞ்சு பொரிக்கும் கருவியையோ விலைக்கு வாங்கும் குஞ்சையோதான் நம்பவேண்டும். மேம்படுத்திய கோழியின் முட்டையை அடை வைத்தாலும், குஞ்சுகள் தாயைப் போல் முட்டையிடும் என்ற உறுதியில்லை.

இதைத் தவிர்க்கப் பின்வரும் முறைகளைக் கையாளலாம்:

1. ஒவ்வொரு பெட்டையின் காலிலும் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டவும். எந்தக் கோழி எந்த முட்டை இட்டது என்பதை இரண்டு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளவும்.

2. நன்றாக அடைகாத்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்து வளர்த்த பெட்டையின் முட்டைகளையே முதலில் அடைக்குத் தேர்ந்தெடுக்கவும்.

3. அந்தப் பெட்டைகளுக்கு உறவில்லாத நல்ல நாட்டுச் சேவலை விடவும். கலப்பினச் சேவலை அடைமுட்டை சேகரிக்கும் காலத்துக்குச் சில வாரம் முன்பே பிரித்துவிடவும். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் வித்து பெட்டையின் உடலில் தங்கியிருக்கும்.

4. ஒரு வாரத்துக்கு உட்பட்ட, விரிசலற்ற முட்டைகளில் 10 முதல் 12 வரை வைக்கவும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

5. மேம்படுத்திய கோழிகளின் முட்டைகளை வீட்டுக்கும் விற்பனைக்கும் பயன்படுத்தவும்.

முட்டைக்குக் கலப்பினக் கோழி, அடைக்கு நாட்டுக் கோழி என்று இரண்டையும் தனித்தனியே பேணி வந்தால், கூடை நிறைய முட்டையும் கிடைக்கும். கூட்டில் குஞ்சும் குறையாது.