ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுக்கும் முன்

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் கடைவீதியிலோ கடை வைத்திருக்கிறீர்களா? ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தபின் ஓடுவதைவிட இப்போதே இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. போர்டை நம்பாதீர்கள், உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். வரிக்கணக்கு எழுதுபவர் எல்லாரையும் நாம் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். பட்டயக் கணக்காளருக்கு உரிமம் தருவது மாநில அரசல்ல; 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம். மாதாமாதம் ரிட்டர்ன் போட மட்டும் என்றால் வரி ஆலோசகரே போதும்.

2. வங்கிக் கடனுக்கு வாங்கும் சான்றில் ‘யூடின்’ எண் இருக்கிறதா என்று பாருங்கள். கழகத்தின் தளத்தில் அதைத் தட்டினால் போலி தெரிந்துவிடும்.

3. ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் செல்போன் எண்ணையே பதியுங்கள். ஆடிட்டர் எண் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும்; ஆளை மாற்ற நினைக்கும்போது அவரிடமே கெஞ்ச வேண்டியிருக்கும்.

4. புதுச்சேரியிலிருந்து சரக்கு வந்து இறங்கினால் பில்லைப் படியுங்கள். அங்குள்ளவர் ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்கும், நம்முடையது 33. ஐஜிஎஸ்டி போடாத பில்லால் வரி வரவு சிக்கலாகும்.

5. வியாபாரமே நடக்காவிட்டாலும் ரிட்டர்ன் போடுங்கள். தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய்.

 

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ‘கவர்மெண்ட் ஃபீஸ்’ என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.