கொள்ளைநோய்க் காலத்தில் குடிப்பழக்கம்

முன்னுரை

மனிதனின் நெடுநாள் பழக்கங்களையும் மாற்றிவிடும் ஆற்றல் பேரிடர்களுக்கு உண்டு. 2020-ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று உணவு, உறக்கம், தொழில், கல்வி ஆகிய அனைத்தையும் மாற்றியமைத்தது. குடிப்பழக்கமும் அதற்கு விலக்கன்று. அம்மாற்றம் எத்தகையது என்பதை இங்கிலாந்து நாட்டின் பட்டறிவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடம்பெயர்ந்த குடி

ஆங்கிலேயர் வாழ்வில் 'பப்' எனப்படும் மதுக்கூடம் ஊரார் கூடிப் பேசும் பொதுவிடமாகும். 2020 மார்ச் 20 அன்று அவற்றை மூடுமாறு அரசு ஆணையிட்டது. ஆயினும், மதுப்புட்டிகளை விற்கும் கடைகள் இன்றியமையாத கடைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டுத் திறந்தே இருந்தன. ஆகவே குடி ஒழியவில்லை. இடம்பெயர்ந்து வீட்டிற்குள் புகுந்தது. கடைகளில் வாங்கப்பட்ட மதுவின் அளவு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது.

சராசரி மறைத்த உண்மை

மதுக்கூடங்களில் குறைந்ததையும் கடைகளில் கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டின் மொத்தக் குடியளவில் பெரிய மாற்றம் இல்லை. இதனை மட்டும் கண்டு அமைதியுறுவோர் ஏமாந்துபோவர். மதுவினால் மட்டுமே நேர்ந்தவை எனக் கணக்கிடப்பட்ட இறப்புகள் இங்கிலாந்தில் 2019-இல் 5,819; 2020-இல் அவை 6,983 ஆயின. அளவு கூடாதிருக்க, இறப்பு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடியது எவ்வாறு?

நண்பர்களோடு எப்போதேனும் குடித்தவர்களுள் பலர் குறைத்துக்கொண்டனர். முன்பே மிகுதியாகக் குடித்தவர்களுள் பலர் மேலும் மிகுத்தனர். ஒருசாராரின் குறைவு மறுசாராரின் மிகுதியை மறைத்துவிட்டது. இறந்தோருள் பெரும்பாலோர் கல்லீரல் நோயால் மடிந்தவர்கள். கல்லீரல் கேடு பல்லாண்டுக் குடியால் விளைவதே. எனினும் முன்பே நலிந்த கல்லீரலுக்குச் சில திங்கள் மிகுகுடியே இறுதி அடியாகிவிடும்.

ஊரார் கண்

'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், மறைவாகக் குடிப்பவனை ஊரார் உய்த்துணர்ந்து நகுவர் என்கிறார். அந்நகைப்பிற்கு அஞ்சும் நாணமே பலருக்கு அணையாக இருந்தது. கதவடைத்த காலத்திலோ ஊரார் கண் இல்லை. மறுநாட்காலை அலுவலகம் செல்ல வேண்டிய கட்டாயமும் பலருக்கு இல்லை. தனிமையும் அச்சமும் வேலையிழப்பும் அணை உடைந்த இடத்தில் வெள்ளமெனப் புகுந்தன.

நாம் பெறும் பாடம்

மது விலக்கப்பட்டது எனக் கற்பிக்கும் மார்க்கத்தில் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் விலக்கப்பட்ட ஒன்றிற்கு அடிமையானவன் வெட்கத்தால் அதனை மறைப்பான். அம்மறைவே அவனை மருத்துவரிடமிருந்தும் பிரித்துவிடும். மேலும், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியன தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் அத்தகையோரை அறையில் அடைத்து வைப்பது அறியாமை. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

முடிவுரை

தொற்று தணிந்த பின்னும் பழக்கம் தணியவில்லை. ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் 2019-இல் 7,565 ஆக இருந்த இத்தகைய இறப்புகள் 2023-இல் 10,473 ஆக உயர்ந்தன. இடர்க்காலத்தில் ஏறிய பழக்கம் இடர் நீங்கியதும் தானே இறங்கிவிடும் என எண்ணுதல் தவறு என்பதை இது காட்டுகிறது. குடிப்பவனை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. குடியை வெறுத்து, குடித்தவனை வெறுக்காது, அவன் கைப்பற்றி மீட்பதே கற்றோர் கடமையும் சமுதாயப் பெரியோர் கடமையும் ஆகும்.