புதுக் குழாய் முளைத்தால் நல்லதுதானே?



நான் பொறியியல் படிக்கிற மாணவன். மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் போன வருடம் அப்பாவுக்கு நடந்த ஒரு சம்பவம் என்னை இந்தப் பாடத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர். "கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்பார். ஒரு நாள் காலையில் அவருடைய வலது கண்ணில் கருப்பு நூல் மாதிரி ஏதோ மிதந்தது. மதியத்துக்குள் புகை மூடியதுபோல் பார்வை மறைந்துவிட்டது. கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "உள்ளே புதுசா இரத்தக் குழாய் முளைச்சிருக்கு. அது உடைஞ்சு இரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார்.

"புதுக் குழாய் வந்தா நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

அப்போது அப்பாவின் காலில் ஒரு சின்னப் புண்ணும் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. அங்கே புதுக் குழாய் போதுமான அளவு வளரவில்லையாம். ஒரே உடம்பில் கண்ணில் அதிகம், காலில் குறைவு. எப்படி?

குழாய் எப்படி வளர்கிறது?

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் உயிர்வளி வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து அது கசிந்து போகக்கூடிய தூரம் மிகக் குறைவு. ஏறக்குறைய 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி இருக்கும் உயிரணு மூச்சுத் திணறும்.

எங்கள் வகுப்பில் கட்டுப்பாட்டு அமைப்பு என்று ஒரு பாடம் உண்டு. குறையை உணர ஒரு கருவி, செய்தி சொல்ல ஒரு சமிக்ஞை, வேலை செய்ய ஒரு இயந்திரம். குறை தீர்ந்ததும் சமிக்ஞை நின்றுவிட வேண்டும். உடம்பிலும் இதேதான் நடக்கிறது.

உணரும் கருவி, 'ஹிஃப்' என்ற புரதம். உயிர்வளி இருக்கும்போது உயிரணு இதை உண்டாக்கி உடனுக்குடன் அழித்துவிடும். உயிர்வளி குறைந்தால் அழிக்காது. சேர்ந்த ஹிஃப் உயிரணுவின் கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

சமிக்ஞை, 'வி.இ.ஜி.எஃப்.' என்ற வளர்ச்சிக் காரணி. ஹிஃப் முடுக்கிவிடும் மரபணுக்களில் இதனுடையதும் ஒன்று. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். அருகில் உள்ள குழாயின் உள்சுவர் உயிரணுக்கள் இந்தச் செய்தியைக் கேட்டதும், ஒன்று தலைவனாக முன்னால் நகரும். மற்றவை பின்னால் பெருகி வரும். இப்படித்தான் புதுக் கிளை உருவாகிறது. பிறகு 'பி.டி.ஜி.எஃப்.' என்ற இன்னொரு காரணி, குழாயைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கும் உயிரணுக்களை அழைத்து வரும். அவை வந்தால்தான் குழாய் உறுதியாகும், கசியாது.

தாயின் வயிற்றில் குழந்தை வளரவும், புண் ஆறவும், உடற்பயிற்சியால் தசை பலம் பெறவும் இது தேவை. எலிகளில் வி.இ.ஜி.எஃப். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் கரு பிழைக்காது என்று 1996இல் தெரிந்தது. பாதி குறைந்தாலே உயிர் இல்லை. அவ்வளவு நுணுக்கமான அளவு!

எங்கே தவறுகிறது?

இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடி இருந்தால் விழித்திரையின் நுண்குழாய்கள் கெடும். கட்டிப் பிடிக்கும் உயிரணுக்கள் சாகும். சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பசியான விழித்திரை வி.இ.ஜி.எஃப்.பை அனுப்பும். புதுக் குழாய்கள் வரும். ஆனால் அவை மெலிந்தவை, கசிபவை. பசித்த இடத்துக்குப் போகாமல் விழித்திரையின் மேற்பரப்பிலும் கண்ணின் நடுவே உள்ள பாகுக்குள்ளும் வளரும். குறை தீராததால் சமிக்ஞையும் நிற்காது. கடைசியில் உடைந்து இரத்தம் கசியும்.

காலில் கதை தலைகீழ். அதே சர்க்கரை, புண் உள்ள இடத்தில் ஹிஃப் சரியாக வேலை செய்ய விடாது. செய்தியே பலவீனமாகப் போகும். பெரிய குழாய்களும் சுருங்கியிருக்கும். நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரியாது.

புற்றுநோய் இந்தச் செய்தியைத் திருடிக்கொள்கிறது. குழாய் இல்லாமல் ஒரு கட்டியால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது, குழாயைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. 2004இல் வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து, பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிகிச்சை

அப்பாவின் கண்ணில் அந்த வகை ஊசிதான் போட்டார்கள். ஊசி சமிக்ஞையைத் தடுக்கும். ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். பிறகு லேசர். அது விழித்திரையின் ஓரப் பகுதியில் புள்ளி புள்ளியாகச் சுடும். அங்கே உயிர்வளியின் தேவை குறைந்தால் சமிக்ஞையும் குறையும். நடுப் பார்வையைக் காக்க ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். காலுக்கு எதிர் வழி. புண்ணைச் சுத்தம் செய்து, அழுத்தம் படாமல் வைத்து, இரத்த ஓட்டத்தைச் சரிபார்த்தார்கள். சில நாடுகளில் பி.டி.ஜி.எஃப். கலந்த களிம்பும் புண்ணுக்குத் தருகிறார்கள்.

அப்பா இப்போது பேப்பர் படிக்கிறார். இரவில் கார் ஓட்டுவதில்லை. "முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்று டாக்டர் சொன்னது அப்பாவைவிட என்னைத்தான் குத்தியது. எனக்கு லைசன்ஸ் இருக்கிறது, காரும் இருக்கிறது. ஒரு நாள் கூட்டிப் போயிருக்கலாம்.

2019 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். குழாய் முளைக்கும்போது வலிக்காது, பார்வையும் மங்காது. அதனால் "நல்லாத்தானே தெரியுது" என்பதை நம்பாதீர்கள். இனிப்பு நீர் இருக்கிறவர்களுக்கு வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை வேண்டும். பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

கலந்துரையாட:
1. நம் வீட்டில் யாருக்கு இனிப்பு நீர்? கடைசியாக எப்போது கண் பரிசோதித்தார்கள்?
2. கண்ணுக்கும் காலுக்கும் ஏன் எதிரெதிர் சிகிச்சை?
3. இந்த மாதம் யாரை, எந்த நாளில் கூட்டிப் போகப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.