இலையின் வரவு, உடலின் செலவு

நமது மாலைப் படிப்பகத்துக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "செடி எப்போது சுவாசிக்கிறது?" என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்." இந்தப் பதிலில் பாதிதான் சரி. செடி இரவிலும் சுவாசிக்கிறது, பகலிலும் சுவாசிக்கிறது, நம்மைப் போலவே ஒரு நொடியும் விடாமல். பகலில் அதனோடு ஒளிச்சேர்க்கை என்ற இன்னொரு வேலையும் சேர்ந்து நடக்கிறது, அவ்வளவுதான். தேர்வில் ஒரு மதிப்பெண் போவதோடு இந்த விஷயம் முடிந்துவிட்டால் நாம் இதழில் இடம் ஒதுக்கியிருக்க மாட்டோம். பாழுங்கிணற்றில் இறங்கியவர் ஏன் மயங்கி விழுகிறார் என்பதற்கான விடையும் இதே பாடத்துக்குள் இருக்கிறது. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டுகிறோம்.

முதலில் வரவு. நமது நல்லூர், வேப்பூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடியிலோ ஆவணியிலோ ஒரு விதை போட்டோம். நான்கு மாதத்தில் தட்டையும் கதிருமாக இத்தனை எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்று தோன்றும். பெல்ஜியம் நாட்டின் வான் ஹெல்மான்ட் என்பவர் இதை நிறுத்துப் பார்த்தார். சுமார் 2 கிலோ எடையுள்ள ஒரு வில்லோ கன்றைத் தொட்டியில் நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி, 5 ஆண்டு வளர்த்தார். மரத்தின் எடை 76 கிலோவுக்கு மேல் போனது. தொட்டி மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648-ல் இந்தச் சோதனை அச்சில் வெளிவந்தது. எல்லா எடையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். தண்ணீருக்குப் பங்கு உண்டு. ஆனால் உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதோ பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். அந்தச் சொற்பத்தைத்தான் இலை தன் நுண்துளைகள் வழியே இழுத்துக் கட்டையாகவும் மாவாகவும் ஆக்குகிறது.

இதற்கு வேண்டிய சக்தி வெயில். இலைச் செல்லுக்குள் பசுங்கணிகம் என்ற சிறு உறுப்புகள் உள்ளன. அவற்றில் இருக்கும் பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த சக்தியால் முதலில் நடப்பது தண்ணீரைப் பிளப்பது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது; ஆக்சிஜன் வெளியே விடப்படுகிறது. பிறகு அந்த ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துச் சர்க்கரை கட்டப்படுகிறது. செடி விடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்று எழுதும் பிள்ளைகள் இந்த இடத்தை அடிக்கோடு இடவும். அது தண்ணீரிலிருந்து வருவது. கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து 1941-ல் ரூபன், கேமன் ஆகியோர் இதைக் காட்டினார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இது வேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. சில மரங்கள் இரவிலும் ஆக்சிஜன் தருகின்றன என்று கைப்பேசியில் செய்தி சுற்றுகிறது. ஒளி இல்லாமல் தண்ணீர் பிளவுபடாது. ஆகவே இருட்டில் எந்த மரமும் ஆக்சிஜன் விடாது. கற்றாழை போன்றவை இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. சர்க்கரை ஆக்குவது விடிந்த பிறகுதான். அதே போல, மரத்தடியில் இரவு படுத்தால் மூச்சு முட்டிச் சாவு வரும் என்பதும் பயமுறுத்தும் பேச்சு. திறந்தவெளியில் ஒரு மரம் விடும் கார்பன் டை ஆக்சைடு காற்றோடு கலந்து போய்விடும். அறைக்குள் இருக்கும் ஒரு பூந்தொட்டியைவிட, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதே அதிகம்.

விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் இலைத்துளையைத் திறந்து வைத்தால் நீர் போகும். மூடினால் கார்பன் டை ஆக்சைடு வராது. நெல்லும் மல்லாட்டையும் இந்த இடத்தில் திணறுகின்றன. மக்காச்சோளமும் கரும்பும் கார்பன் டை ஆக்சைடை முதலில் ஓரிடத்தில் செறிவாகச் சேர்த்துப் பிறகு பயன்படுத்துவதால் துளையைக் குறைவாகத் திறந்தே சமாளிக்கின்றன. இவற்றைச் சி-4 தாவரங்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. குறைந்த நீரில் நம் கரம்பில் மக்காச்சோளம் தாக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனை திறமை இருந்தும், வயலில் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பயிரில் சேமிப்பாகிறது.

அந்தச் சேமிப்பு செலவாகாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வெளிவந்தது பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் விழுந்த மரமும் இலையும் அது. நீருக்கும் மண்ணுக்கும் அடியில் ஆக்சிஜன் எட்டாததால் நுண்ணுயிர்கள் அவற்றை முழுதாகத் தின்று முடிக்க இயலவில்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கி, பிறகு அதை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். வீட்டில் மின்விசிறி சுற்றும்போது மிகப் பழைய வெயில் ஒன்று செலவாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி செலவு. நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சூளையைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிபொருளும் காற்றும் சேர்ந்தால் 1200 டிகிரி அளவுக்குச் சூடு எழும். வருவது வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். நம் உடலிலும் கணக்கு அதுதான். சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வெளியே வருகின்றன. ஆனால் 37 டிகிரியில்! செல் அந்தச் சர்க்கரையை ஒரேயடியாகக் கொளுத்துவதில்லை. நொதிகளின் உதவியால் பல சிறு படிகளில் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை எடுக்கிறது. முதற்படிகள் செல்லின் திரவத்தில் நடக்கின்றன. பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புக்குள். கடைசிப் படியில் வந்து சேரும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்வது ஆக்சிஜன். நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசிப் படிக்காகத்தான். அது நின்றால் பின்னால் உள்ள வரிசை முழுவதும் நின்றுவிடும்.

எடுத்த சக்தி ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகக் கைக்கு வருகிறது. அரிசி மூட்டையைக் கொடுத்துப் பேருந்துச் சீட்டு வாங்க முடியாது, சில்லறை வேண்டும். செல்லுக்கு ஏ.டி.பி.தான் சில்லறை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 38 அல்லது 36 ஏ.டி.பி. என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைய கணக்கு 30 முதல் 32. தேர்வில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதுங்கள். எந்த நேரத்திலும் நம் உடலில் இருக்கும் ஏ.டி.பி. ஒரு கைப்பிடி அளவுதான். அதுவே திரும்பத் திரும்பச் செலவாகி, திரும்பத் திரும்ப உருவாகி, ஒரு நாள் முடிவில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குக் கைமாறியிருக்கும்.

இந்த ஏ.டி.பி.யைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் தவறித் தவறி மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் சிறிய பட்டத்தோடு வெளியே வந்தார். மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்கம் நாயக்கர் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன உதவியும்தான் அவரை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றின. அங்கே மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1929-ல் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார், அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டார். பின்னாளில் சுப்பாராவின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்றுதான், யானைக்கால் நோயைத் தடுக்க நம் கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை. கல்வி உதவிக் கோரிக்கைகளில் "இருமுறை தவறியவர்" என்ற குறிப்பைப் பார்த்ததும் ஒதுக்கிவிடலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் இவர் பெயரை எடுப்பது வழக்கம்.

நோன்பு நாட்களில் இந்தச் செலவுக் கணக்கு உடலுக்குள் நன்றாகத் தெரியும். ஸஹரில் உண்டது செரித்து முடிந்த பின், கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. அது குறையக் குறைய உடல் கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. உடல் நலமுள்ளவருக்கு இதில் சிரமமில்லை. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு இந்த மாற்றம் சரியாக நடக்காமல் சர்க்கரை திடீரென இறங்கலாம், ஏறவும் செய்யலாம். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்வது அவசியம்.

செலவு உயிருள்ள எதிலும் நிற்பதில்லை. ஈரம் காயாத மக்காச்சோளத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் இரண்டொரு நாளில் கை வைத்தால் சுடும். மணியும் அதன்மேல் உள்ள பூஞ்சையும் சுவாசித்து விடும் சூடு அது. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரப்பதம் பார்த்து விலை போடுவதில் நியாயம் உண்டு. ஈர மணி தன்னைத்தானே தின்று எடை குறையும். ஆக்சிஜன் இல்லாமலும் சிறிதளவு சக்தி எடுக்கும் வழி உண்டு. இட்லி மாவு இரவில் பொங்குவது அப்படித்தான். ஓடிக் களைத்த காலின் தசையும் சிறிது நேரம் அப்படிச் சமாளிக்கும். ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே மிச்சம். மூளைக்கு அது போதவே போதாது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். பயன்படாத கிணற்றில் இலை தழை விழுந்து மக்குகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று சுவாசிக்கின்றன. ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. அடியில் வெளிச்சம் இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை. செலவு மட்டும், வரவே இல்லை. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாத அடியில் அப்படியே தங்கிவிடும். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. நாற்றமும் இல்லை. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் உண்டு. அது 10-க்குக் கீழே போன இடத்தில் இறங்கியவர் கத்திக் கூப்பிடும் முன்பே சாய்ந்துவிடுவார். நான்கைந்து நிமிடத்தில் மூளைக்குச் சேதம் தொடங்கும். மேலே நின்ற அண்ணனோ மகனோ பதறி இறங்குகிறார், அவரும் விழுகிறார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று ஜனாஸா ஒரே நாளில் எழுவது இப்படித்தான்.

ஆகவே மூச்சுக் கருவி இல்லாமல் எவரும் இரண்டாவதாக இறங்கக் கூடாது, விழுந்தவர் பெற்ற பிள்ளையாக இருந்தாலும். மூக்கில் ஈரத்துணி கட்டுவதால் பயனில்லை. துணி ஆக்சிஜன் தராது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. அது அணைந்தால் இறங்கக் கூடாது என்பது உறுதி. அணையாவிட்டால் பத்திரம் என்பது உறுதியில்லை. சாக்கடை வாயு இருக்கும் இடத்தில் விளக்கே வெடிக்கக் காரணமாகும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவதையும் நம்ப வேண்டாம். வேலை தொடங்கும் முன் ஊதுவிசிறி வைத்து வெளிக்காற்றை அடி வரை செலுத்த வேண்டும். வேலை முடியும் வரை அது ஓட வேண்டும். கிணற்றுக்குள் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டுவது அதைவிட ஆபத்து. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கழிவுநீர்த் தொட்டி இன்னும் கொடியது. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு, நாம் மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியையே அடைத்துவிடும். நுரையீரலில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர்கள் உண்டு. தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றை நிர்வகிக்கும் ஜமாஅத்தார் தொட்டி சுத்தம் செய்ய உறிஞ்சு லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். கூலி குறைவாகக் கேட்டு வரும் ஏழைத் தொழிலாளியை இறக்கிவிடக் கூடாது. செலவு கூடுதலாகும் இடங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112, ஆம்புலன்ஸுக்கு 108. எண்களைக் கிணற்று மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கவும்.