வெள்ளித் துணிக்கைச் சங்கிலியில் ஒளிச்சக்தி செல்லும் விதம்

மாணவர்களே, ஒளியியல் நாரினுள் ஒளி செல்வது முழு அகத்தெறிப்பினால் என்று படித்திருப்பீர்கள். படுகோணம் அவதிக் கோணத்தை விடக் கூடும்போது ஒளி வெளியேறாமல் மீண்டும் மீண்டும் தெறித்துச் செல்லும். ஆனால் நாரை விரும்பியபடி மெல்லியதாக்க முடியாது. அலைநீளத்தின் பாதியளவிலும் மெல்லியதானால் ஒளி அதனுள் அடங்காது, வெளியே பரவிவிடும். செந்நிற ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 650 நனோமீற்றர் (1 நனோமீற்றர் = 10⁻⁹ மீற்றர்). அப்படியானால் 100 நனோமீற்றரிலும் ஒடுங்கிய பாதையில் ஒளிச்சக்தியை அனுப்புவது எப்படி?

இதற்கு உலோகத்திலுள்ள சுயாதீன இலத்திரன்கள் உதவுகின்றன. மிகச் சிறிய வெள்ளித் துணிக்கையில் ஒளி படும்போது, ஒளியலையின் மின்புலம் அவ்விலத்திரன்களை ஒருமிக்க முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஒளியின் மீடிறன் துணிக்கையின் இயற்கை மீடிறனுக்குச் சமமானால் அலைவு மிகப் பெரிதாகும். இதுவே பரிவு. ஆடும் இலத்திரன்களைச் சுற்றி உண்டாகும் மாறும் மின்புலம் பக்கத்துத் துணிக்கையின் இலத்திரன்களை ஆட்டும். அது அதற்கடுத்ததை ஆட்டும்.

வீட்டில் செய்து பாருங்கள். இரு கதிரைகளுக்கிடையே கயிறொன்றைச் சற்றுத் தொய்வாகக் கட்டி, அதில் சம நீளமான இரு நூல்களில் இரும்பு நட்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒன்றை ஆட்டினால் சிறிது நேரத்தில் மற்றையது ஆடும், முதலாவது ஓயும். ஒரு நூலை நன்றாகக் குட்டையாக்கினால் சக்தி சரியாகக் கைமாறாது.

கவனிக்க: இலத்திரன்கள் ஒரு துணிக்கையிலிருந்து அடுத்ததற்குப் பாய்வதில்லை. இதை மின்னோட்டம் என்று எழுதினால் பிழை. அறுகம்குடாவில் நங்கூரமிட்ட தோணிகள் அலை கடக்கும்போது நின்ற இடத்திலேயே ஏறி இறங்குகின்றன அல்லவா? கடந்து செல்வது சக்தி மட்டுமே.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தின் மையர், அட்வாட்டர் ஆகியோரின் குழு இதைப் பரிசோதனையில் காட்டியது. 90 நனோமீற்றர் நீளமும் 30 நனோமீற்றர் அகலமும் கொண்ட வெள்ளிக் கோல்களை 50 நனோமீற்றர் இடைவெளியில் வரிசைப்படுத்தி, ஒரு முனையில் ஒளியூட்டினர். தள்ளி வைத்திருந்த சாயத் துணிக்கை ஒளிர்ந்தது.

குறைபாடும் உண்டு. ஆடும் இலத்திரன்கள் உலோகத்தினுள் மோதுவதால் சக்தி வெப்பமாகிறது. அப்பரிசோதனையில் ஏறத்தாழ 200 நனோமீற்றருக்கு ஒருமுறை சக்தி கால்பங்காகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. நல்ல ஒளியியல் நாரில் செங்கீழ்க் கதிர் அவ்வளவு குறைவதற்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் செல்ல வேண்டும்! ஆகவே கடலடிக் கேபிளுக்கு நார்தான். சங்கிலி, மின்சுற்றுச் சில்லின் உள்ளே மிகக் குறுகிய தூரத்துக்கு மட்டும்.

பயிற்சி: அச்சங்கிலியில் 600 நனோமீற்றர் சென்றபின் எஞ்சும் சக்தி எத்தனை பங்கு?
விடை: ¼ × ¼ × ¼ = 1/64