வலியோடு வாழும் பிள்ளையும் பெற்றோரின் கடமையும்

சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினால் 14 வயதுப் பிள்ளை, "மூட்டு வலிக்கிறது வாப்பா" என்கிறான். அதே பிள்ளை அஸருக்குப் பின் தெருவில் பந்தாடுகிறான். மாத்தூரிலிருந்து ஷிப்டு வேலைக்குப் புறப்படும் தகப்பனாருக்கு இது எப்படித் தோன்றும்? தொழாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்றே தோன்றும். ஆனால் விசாரியாமல் அப்படித் தீர்ப்புக் கூறுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகிவிடலாம்.

16 வயதுக்குள் பிள்ளைகளைப் பிடிக்கும் மூட்டுவாதம் ஒன்று உண்டு. அதில் மூட்டுகள் விடியற்காலையில்தான் அதிகம் விறைக்கும். நடமாட நடமாட இளகும். ஆகவே காலையில் வலித்ததும் உண்மை, மாலையில் ஆடியதும் உண்மை. மூட்டு வீக்கமும் விறைப்பும் நீடித்தால், 'வளர்கிற வயது' என்று விட்டுவிடலாகாது. சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்நோய் வெளியே தெரியாமல் கண்ணையும் தாக்கக்கூடும். எனவே கண் பரிசோதனையும் அவசியம். பெண் பிள்ளையானால், 'நாளை நிக்காஹ் பேச்சு வருமே' என்று நோயை மூடி மறைப்பது அவளுக்குச் செய்யும் நன்மையன்று.

மார்க்கம் என்ன சொல்கிறது? மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகப் புகாரியில் வந்துள்ளது. தொழுகை நீங்கவில்லை, முறைதான் இலேசாக்கப்பட்டது. குனிய இயலாதவர் ருகூவுக்குத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஸுஜூதுக்கு அதைவிடத் தாழ்த்தினால் போதுமானது. நோன்பு நோயைக் கூட்டுமானால், அதை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்பகரா 185-ஆம் வசனம் இடமளிக்கிறது. மருந்து வேளையை நாமாக மாற்றாமல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வலியைச் சொல்வது சபூருக்கு மாறானதா? இல்லை. அய்யூப் நபி (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள். அவர்களையே அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். பிள்ளை நம்மிடம் முறையிடும்போது மட்டும் நாம் ஏன் சினம் கொள்ள வேண்டும்?

பெற்றோர்களே! பிள்ளையைக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். கைகால்களை மெல்ல அசைக்கச் செய்யுங்கள். உளூவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுங்கள். "இன்று நின்று தொழ முடிகிறதா, உட்கார்ந்தா?" என்று அன்போடு கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை நம்புங்கள். தன்னை நம்பும் பெற்றோரிடம் பிள்ளை வலியையும் மறைக்கமாட்டான், தொழுகையையும் வெறுக்கமாட்டான்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.